நம்பாமல் பார்க்கப் பழகிய அரங்கம்: ‘ஓவர் த எட்ஜ்’, 1999

1999 மே 23 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், கெம்பர் அரங்கில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனம் நடத்திய ‘ஓவர் த எட்ஜ்’ என்னும் கட்டண நேரலை நிகழ்ச்சியில், கனடிய மல்யுத்த வீரர் ஓவன் ஹார்ட் ஏறத்தாழ 78 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். நிகழ்ச்சி நிற்கவில்லை, கடைசிப் போட்டிவரை நடந்தது. இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிறுவனத்தின் பேராசையைச் சுட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பேராசை இருந்ததை யார் மறுப்பார்கள்? ஆனால் அரங்கிலிருந்த கூட்டம் ஏன் கலையவில்லை என்பதற்கு அது விடையாகாது. உண்மையான மரணத்தை அடையாளம் காணும் வழியை, எழுதி வைத்த கதையாக நடத்தப்படும் அந்த மல்யுத்தக் கலையே தன் பார்வையாளருக்கு அடைத்து வைத்திருந்தது என்பதே என் வாதம்.

அன்று ஓவன் ஏற்றிருந்த வேடம் ‘ப்ளூ பிளேசர்’. முகமூடியும் நீல உடையும் அணிந்த, தன்னை மாவீரனாக நினைத்துக்கொள்ளும் ஒரு கோமாளி. கூரையிலிருந்து கம்பியில் இறங்கி, மேடைக்குச் சற்று மேலே சிக்கிக்கொண்டதுபோல் தவித்து, பிணைப்பை விடுவித்துக் குப்புற விழுந்து சிரிக்கவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நகைச்சுவைக்காகவே நொடியில் கழன்றுவிடும் கொக்கி பொருத்தப்பட்டது. பாய்மரப் படகுகளில் பயன்படும் வகை அது. உயரத்திலேயே அது கழன்றுகொண்டது. ஆக, எழுதி வைத்த காட்சியிலும் ஒரு வீழ்ச்சி உண்டு, நேர்ந்ததும் வீழ்ச்சியே. இரண்டுக்கும் வித்தியாசம் உயரம் ஒன்றுதான்.

மல்யுத்தத்தில் எல்லாக் குறிகளும் பார்த்தவுடன் விளங்கும் என்று 1950களில் எழுதினார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த். வலி, தோல்வி, நீதி என ஒவ்வொன்றும் மிகைப்படுத்திக் காட்டப்படுவதால் பார்வையாளர் தயங்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. அவர் பார்த்த பாரிஸ் அரங்குகளுக்கு அது பொருந்தலாம். தொண்ணூறுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இந்த நிகழ்ச்சிக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1999 மார்ச்சில் அதே நிறுவனம் நடத்திய ‘ரெசில்மேனியா’ நிகழ்ச்சியில், பிக் பாஸ் மேன் என்ற வீரர் கூண்டிலிருந்து தூக்கிலிடப்படுவதாகக் காட்டினார்கள். பிறகு அவர் வழக்கம்போல் மேடைக்கு வந்தார். யாரும் விளக்கம் கேட்கவில்லை. இப்படிப் பழகிய ரசிகர் ஒரு மனிதர் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு ‘இதுவும் கதைதான்’ என்று நினைத்தால், அவரை ஏமாளி என்று சொல்வது அநியாயம். அவர் அந்தக் கலையின் விதியைச் சரியாகவே கற்றிருந்தார்.

கவனிக்க வேண்டியது, அன்று பார்வையாளர் இரண்டாகப் பிரிந்த விதம். வீட்டிலிருந்து பார்த்தோர் வீழ்ச்சியைக் காணவில்லை. அந்நேரம் அவர்களுக்கு முன்பே பதிவு செய்த காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நேரலை திரும்பியதும் கேமரா மேடையைத் தவிர்த்துக் கூட்டத்தையே காட்டியது. வர்ணனையாளர் ஜிம் ராஸ் இது கேளிக்கையின் பகுதியல்ல என்று வற்புறுத்திச் சொன்னார். பின்னர் ஓவன் இறந்த செய்தியையும் அவரே அறிவித்தார். ‘இது நிஜம்’ என்று ஒரு வர்ணனையாளர் மன்றாட வேண்டியிருந்ததே அந்தக் கலை எங்கே வந்து நின்றது என்பதற்குச் சான்று. அரங்கிலிருந்தோர் நிலை நேர்மாறு. சம்பவம் அவர்கள் தலைக்கு மேலேயே நடந்தது. ஆனால் வர்ணனை அவர்கள் காதுக்கு எட்டாது. மேடையில் ஒலிபெருக்கி இருந்தும், மரணச் செய்தி அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. காணாதவர்களுக்குச் சொன்னார்கள், உடனிருந்தவர்களுக்குச் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அரங்கில் குழப்பம் மூண்டிருக்கும் என்று வாதிடலாம். அந்த வாதம் செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் பொருந்தும். அடுத்தடுத்த போட்டிகளை அதே மேடையில் நடத்தியதற்கு நியாயமாகாது. முன்கூட்டியே பணம் கட்டிய வீடுகளுக்கு மீதி நிகழ்ச்சியைத் தந்தாக வேண்டும் என்ற வணிகக் கணக்கு இங்கேதான் நுழைகிறது. பேராசை என்ற குற்றச்சாட்டுக்கு உரிய இடமும் இதுவே.

குடும்பத்தார் தொடுத்த வழக்கு 2000 நவம்பரில் 1.8 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. நிகழ்ச்சியைத் தொடர்ந்தது சரியா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.