மாவு மூட்டையும் மக்களாட்சியும்

நாடுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் போர்களையும் உடன்படிக்கைகளையும் தேர்தல்களையும் முதன்மைப்படுத்துவர். வீட்டின் அடுக்களைக் கணக்கை அவர்கள் ஏறெடுத்துப் பார்ப்பது அரிது. ஆயினும், ஒரு குடும்பம் வாரந்தோறும் மாவுக்கும் எண்ணெய்க்கும் அடுப்புக்கரிக்கும் எவ்வளவு செலவிட்டது என்னும் கணக்கு, அரசாங்க ஏடுகள் கூறாத உண்மைகள் பலவற்றைக் கூறவல்லது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் அமைந்த சாம்பியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 27 ஆண்டுகள் நீடித்த ஆட்சி ஒன்றை அந்நாட்டில் நிலைகுலையச் செய்த காரணங்களுள் தலையாயது, மக்காச்சோள மாவின் விலையே எனலாம்.

சாம்பியரின் அடுக்களை

நமக்குச் சோறு எவ்வாறோ, சாம்பிய மக்களுக்கு 'ந்ஷிமா' அவ்வாறே. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் இட்டுக் கிளறிக் கெட்டியாக எடுக்கும் களி அது. கீரை, பயறு, தக்காளி, நெத்திலியை ஒத்த 'கபெந்தா' என்னும் சிறுமீன் கருவாடு ஆகியன அதற்குத் தொடுகறியாகும். வேறு எதனை உண்டாலும், ந்ஷிமா உண்ணாத வேளையை உணவு கொண்ட வேளையாக அவர்கள் கருதுவதில்லை. ஆகவே, இல்லத்தின் செலவுக் கணக்கில் மாவு முதலிடம் பெறுகின்றது. எண்ணெய், சர்க்கரை, உப்பு, சவர்க்காரம், அடுப்புக்கரி ஆகியன அதன் பின்னரே இடம் பெறும்.

அம்மாவிலும் இருவகை உண்டு. தவிடு நீக்கி நயமாக அரைத்த வெண்மாவு 'பிரேக்ஃபாஸ்ட்' எனப்படும். தவிடு பெரிதும் நீக்கப்படாத மலிவான மாவு 'ரோலர்' எனப்படும். இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு பின்னாளில் நாட்டையே கலக்கும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

செம்பு தந்த மலிவு

1964 ஆம் ஆண்டு அக்டோபர் 24 ஆம் நாள் சாம்பியா விடுதலை பெற்றது. கென்னத் கவுண்டா முதல் அதிபரானார். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் நூற்றுக்கு 90 பங்குக்கும் மேல் செம்பிலிருந்து கிடைத்தது. கிட்வே, முஃபுலிரா, சிங்கோலா முதலிய சுரங்க நகரங்களில் தொழிலாளர்க்குக் குடியிருப்பும் நீரும் மின்சாரமும் குறைந்த செலவில் கிட்டின. நகர மக்கள் வாங்கும் மாவின் விலையையும் அரசு கட்டுப்படுத்தியது. அதனால் நேர்ந்த இழப்பை உதவித்தொகையால் ஈடுசெய்தது. மாவை மலிவாக வாங்கிய குடும்பம் செலுத்தாத மிச்சத்தை, மண்ணுக்கடியில் இருந்த செம்பு செலுத்தி வந்தது.

1973 ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உயர்ந்தது. அடுத்த ஈராண்டுகளுக்குள் செம்பின் விலை வீழ்ந்தது. வருவாய் வற்றியது, ஆயினும் உதவித்தொகை நிற்கவில்லை. நகர மக்களின் சினத்துக்கு அஞ்சிய அரசு, கடன் பெற்றேனும் மாவின் விலையைத் தாங்கிப் பிடிக்க முயன்றது. செம்பு செலுத்தி வந்த தொகையைக் கடன் செலுத்தத் தொடங்கியது. இம்மாற்றத்தை அன்று எந்த வீட்டுக் கணக்கேடும் காட்டவில்லை. ஏனெனில், கடையில் விலை பெரிதும் மாறவில்லை.

இரு கிளர்ச்சிகள்

கடன் கொடுத்தோர் உதவித்தொகையைக் குறைக்குமாறு நெருக்கினர். 1986 டிசம்பரில் அரசு ஒரு நடுவழியைக் கண்டதாக எண்ணியது. வசதியுள்ளோர் விரும்பும் நயமாவுக்கு உதவித்தொகையை நீக்குவது, ஏழையர் வாங்கும் ரோலர் மாவுக்கு அதனைத் தொடர்வது என்பதே அத்திட்டம். ஏட்டளவில் அது நியாயமாகவே தோன்றியது. ஆனால், அரசு தர வேண்டிய ஈட்டுத்தொகை உரிய காலத்தில் வாராது என ஆலை உரிமையாளர் அஞ்சினர்; ரோலர் மாவு அரைப்பதையே கைவிட்டனர். கடைகளில் எஞ்சியது இருமடங்குக்கும் மேல் விலையேறிய நயமாவு மட்டுமே. செம்புச் சுரங்க நகரங்களில் கிளர்ச்சி மூண்டது. 15 பேர் உயிரிழந்தனர். சில நாள்களிலேயே கவுண்டா விலையேற்றத்தை விலக்கிக்கொண்டார். 1987 மே முதல் நாள், அனைத்துலக நாணய நிதியத்தின் திட்டத்தையும் உதறினார்.

எனினும், நோயின் வேர் அகலவில்லை. 1990 ஜூனில் மாவின் விலை மீண்டும் இருமடங்குக்கு மேல் உயர்த்தப்பட்டது. தலைநகர் லூசாக்காவில் மாணவரும் பொதுமக்களும் தெருவில் இறங்கினர்; இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மாதம் 30 ஆம் நாள் விடியலில் ஓர் இராணுவ அதிகாரி வானொலி நிலையத்தைக் கைப்பற்றி, ஆட்சி கவிழ்ந்ததாக அறிவித்தார். அம்முயற்சி சில மணி நேரத்தில் முறியடிக்கப்பட்டது. ஆனால், அச்செய்தி கேட்டு மக்கள் மகிழ்ந்து ஆடிய காட்சி ஆட்சியாளரின் செல்வாக்கு எந்த அளவுக்குச் சரிந்திருந்தது என்பதைப் புலப்படுத்தியது. விலையை எதிர்த்து எழுந்த குரல், 1970களின் தொடக்கம் முதல் நிலவிய ஒரு கட்சி ஆட்சியை எதிர்க்கும் குரலோடு கலந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே பல கட்சிகளுக்குச் சட்டம் இடந்தந்தது. 1991 அக்டோபர் 31 ஆம் நாள் நடந்த தேர்தலில், தொழிற்சங்கத் தலைவராக இருந்த பிரடெரிக் சிலுபா ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்குகளைப் பெற்று வென்றார். கவுண்டா தோல்வியை ஏற்று அமைதியாக விலகினார். அது அவருக்குப் பெருமை சேர்த்த செயலாகும்.

கூடைக் கணக்கு

ஆட்சி மாறியது, மாவு மலிவாகவில்லை. புதிய அரசு உதவித்தொகையை முற்றாகவே நீக்கியது. 1992 ஆம் ஆண்டின் கடும் வறட்சியும் உடன் சேர்ந்தது. 1993 ஆம் ஆண்டில் பணவீக்கம் 180 விழுக்காட்டைக் கடந்தது. சுரங்கங்கள் தனியார்வசமான பின்னர், குடியிருப்பும் நீரும் மின்சாரமும் பல தொழிலாளர் குடும்பங்களுக்குக் கைப்பொறுப்புச் செலவாயின. மூட்டையாக மாவு வாங்க இயலாதோர், சந்தையில் சிறு பொட்டலமாகக் கட்டி விற்ற மாவை அன்றன்று வாங்கினர். அப்பொட்டலத்துக்குப் 'பமேலா' என்று பெயர். வாரக் கணக்கு நாள் கணக்காகச் சுருங்கியதை அச்சொல்லே அறிவிக்கின்றது. சிறிது சிறிதாக வாங்குவோர், மூட்டையாக வாங்குவோரைவிட மிகுந்த விலை கொடுப்பர் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

இக்காலத்தேதான் லூசாக்காவில் இயேசு சபையினர் நடத்தும் இறையியல் சிந்தனை மையம் ஓர் அரிய பணியைத் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாவு, பயறு, கபெந்தா, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றோடு அடுப்புக்கரி, சவர்க்காரம், மின்சாரம், நீர், வீட்டு வாடகை ஆகியவற்றின் விலையையும் திரட்டி, மாதந்தோறும் வெளியிட்டு வந்தது. அக்கூடையின் விலைக்கு அருகே ஆசிரியர் முதலியோரின் ஊதியத்தையும் வைத்துக் காட்டியது. ஊதியம் கூடைக்கு எட்டாத நிலையை விளக்க நெடிய சொற்பொழிவு தேவைப்படவில்லை. இரண்டு எண்களே போதுமானவையாக இருந்தன.

2013 சனவரியில் குவாச்சா நாணயத்தில் மூன்று சுழியங்கள் நீக்கப்பட்டன. எண்கள் சிறுத்தன, சுமை சிறுக்கவில்லை. 2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் வறட்சி தேசியப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. மக்காச்சோளம் கருகியது. கரிபா அணையில் நீர் வற்றியதால், நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பிய நாட்டில் மின்தடை நெடுநேரம் நீடித்தது. மின்னடுப்பு அணைந்த வீடுகள் அடுப்புக்கரியை நாடின. ஒரே வறட்சி மாவுச் செலவையும் எரிபொருட் செலவையும் ஒருங்கே உயர்த்தியது.

சாம்பியாவின் கதை இருதரப்புக்கும் பாடமாகும். வருவாய் வற்றிய பின்னும் மலிவு விலையை நீட்டித்த அரசு, சுமையை நாளைய மக்கள் மீது ஏற்றியது. அச்சுமையைத் திடுமென இறக்க வற்புறுத்தியோர், அது எவர் தலையில் விழும் என எண்ணிப் பார்த்திலர். வரலாறு பயில்வோர் ஓர் அரசின் திறத்தை அளக்கக் கருவூலக் கணக்கை ஆராய்தல் வேண்டும். அதனோடு, அந்நாட்டு ஏழைத் தாயொருத்தி சந்தைக்குச் சென்று திரும்புகையில் அவள் கூடையில் இருந்தது யாது, இல்லாதது யாது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.