நடுகல் சேவலும் மனைக்கோழிப் பேடையும்

தமிழகக் கோழி வளர்ப்பு வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது சேவலே. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்து நடுகல் ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டினது, மேற்சேரிக்காகப் போரிட்டு மடிந்த சேவலை அது போற்றுகிறது. 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்து இனம் பெருக்கும் பேடைக்கு அக்கல்லில் இடமில்லை. அதற்கு இடமளித்தது இலக்கியமாகும்.

குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலையில் வேலியருகே வெருகுகளைக் கண்டஞ்சிய மனைக்கோழிப் பேடை, புகலிடம் அறியாது குஞ்சுகளைக் கூவியழைப்பதைக் காட்டுகிறார். ஊரார் அலருக்கு உவமையாக வந்த இக்காட்சியில், கொல்லைப்புறக் கோழி வளர்ப்பின் அடிப்படை இடர் பதிவாகியுள்ளது: குஞ்சு பொரித்தலினும் அதனைக் காத்தலே அரிது. எனவே கல்வெட்டு சேவலின் வீரத்தையும், பாடல் பேடையின் உழைப்பையும் உணர்த்துகின்றன எனலாம். மனைக்கோழியின் வரலாற்றுக்கு இவ்விரு சான்றுகளும் இன்றியமையாதன.