ஊசி இல்லாத ஊக்கு

விரல் நீளம்கூட இருக்காது. பச்சைக் களிம்பு ஏறிய, வில்லாக வளைந்த உலோகத் துண்டு. ஊசி எப்போதோ போய்விட்டது. இங்கிலாந்தின் உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்கள் கையில் அடிக்கடி சிக்குவது இது: ரோமானியர் காலத்து உடை ஊக்கு.

ரோமானியப் படை கி.பி. 43இல் பிரிட்டனைப் பிடிக்க வந்தபோதே அங்கே ஊக்கு புழக்கத்தில் இருந்தது. துணியைச் சுற்றி, போர்த்தி உடுத்திய காலம். போர்வையைத் தோளில் நிறுத்த ஊக்கு வேண்டும். பெண்கள் இரு தோளிலும் ஜோடியாகக் குத்துவதுண்டு; இரண்டுக்கும் நடுவே சங்கிலி தொங்கவிட்டவர்களும் உண்டு.

அக்காலத்து ஊக்குகளில் ஒரு வகைக்குக் கோல்செஸ்டர் என்ற ஊரின் பெயர். உடல், சுருள்வில், ஊசி மூன்றும் ஒரே துண்டு. தலைப்பக்கத்தை அடித்து அடித்துக் கம்பியாக நீட்டி, சுருட்டி, மிச்சத்தையே ஊசியாக்கினார்கள். அடிக்க அடிக்க உலோகம் இறுகும். நெருப்பில் காட்டி இளக்கி மறுபடி அடிக்க வேண்டும். இந்தப் பாட்டையெல்லாம் தாங்கியது பெரும்பாலும் பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்த அதைச் செய்வதும் லேசல்ல. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே ஆவியாகிப் பறந்துவிடும். அதனால் துத்தநாகத் தாது, கரி, செம்புத் துணுக்குகள் மூன்றையும் மூசையில் போட்டு வாயை மூடிச் சுட்டார்கள். வெளியேற வழியில்லாத ஆவி செம்புக்குள்ளேயே ஊறியது. துத்தநாகத்தைத் தனியே கண்ணால் பார்க்காமலே அதைக் கலந்த கெட்டிக்காரத்தனம்!

கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டறைகள் காரீயம் கலந்த வெண்கலத்துக்கு மாறின. காரீயம் சேர்ந்தால் உருகிய உலோகம் நன்றாக ஓடும், களிமண் அச்சின் நுணுக்கமான பள்ளங்களிலும் நிறையும், செலவும் குறையும். ஆனால் சுத்தியல் பட்டால் விரிசல் விடும். அதில் சுருள் சுற்ற முடியாது. ஆகவே உடலைத் தனியாக வார்த்து, சுருளையும் ஊசியையும் வேறு கம்பியில் செய்து, தலையில் மாட்டினார்கள். மாட்டியது கழன்று வரும்தானே? ஊசி இல்லாத ஊக்குகள் இத்தனை கிடைப்பதற்கு இந்த இணைப்பும் ஒரு காரணம் என்பேன். மிச்சத்தை மண்ணின் அரிப்பும் கலப்பையும் பார்த்துக்கொண்டன.

செப்புக் கலவையில் செய்த ஒற்றை ஊக்கு பொதுவாக 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் வராது. அதிகாரியிடம் காட்டுவதும் காட்டாததும் எடுத்தவர் விருப்பம். அப்படி மனமுவந்து காட்டப்படும் பொருள்களைக் குறித்துவைக்க 1997இல் தொடங்கிய திட்டத்தில் இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஆய்வு செய்யாமல் பித்தளையா வெண்கலமா என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் 'செப்புக் கலவை' என்றே எழுதுகிறார்கள். ஆனாலும் தலையைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். உடலிலிருந்தே கிளம்பி ஒடிந்த கம்பியின் முளை இருந்தால் பெரும்பாலும் பித்தளை. சுருளை மாட்டுவதற்கான துளை இருந்தால், காரீயம் கலந்த வார்ப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.