எதிர்ப்பொருளின் அளவும் தரமும்: இராபர்ட் சானக்கின் ஆய்வு வாழ்க்கை

மருத்துவ வரலாற்று நூல்கள் பெரும்பாலும் வெற்றிகளையே வரிசைப்படுத்துகின்றன. தோல்வியுற்ற தடுப்பூசி ஒன்று அவற்றில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடும். ஆயினும், அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் நச்சுயிரியல் அறிஞருமான இராபர்ட் சானக்கின் (1924–2010) பணியை அத்தகையதொரு தோல்வியிலிருந்தே அணுகவேண்டும் என்பது நமது கருத்தாகும்.

சிகாகோவில் பிறந்து அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1947இல் மருத்துவப் பட்டம் பெற்ற சானக், பின்னர் ஆல்பர்ட் சாபினிடம் பயிற்சி பெற்றார். 1956இல் சளியுற்ற சிம்பன்சிகளிடமிருந்து ஒரு நச்சுயிரி பிரித்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டே சானக்கும் உடன் ஆய்வாளர்களும் பால்டிமோர் நகரக் குழந்தைகளிடம் அதனைக் கண்டறிந்தனர். தொற்றிய உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே திரளாவதைக் கொண்டு அதற்குப் பெயரிடப்பட்டது. ஆர்.எஸ்.வி. என்பது அப்பெயரின் சுருக்கம். கைக்குழந்தைகளின் நுண்மூச்சுக்குழல் அழற்சிக்கு அதுவே தலையாய காரணம் எனப் பின்னர் உறுதியாயிற்று.

காரணி தெரிந்தபின் தடுப்பூசி எளிதென்றே அன்று கருதப்பட்டது. ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த நச்சுயிரியைக் கொண்டு போலியோவுக்கு ஊசி உருவாக்கியிருந்தனர். அதே வழி இங்கும் பின்பற்றப்பட்டது. 1966இல் வாஷிங்டனில் 31 குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 20 பேருக்குப் பின்னர் ஆர்.எஸ்.வி. தொற்றியது, 16 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், இருவர் இறந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் தொற்றுற்ற 21 பேருள் ஒருவருக்கு மட்டுமே மருத்துவமனை தேவைப்பட்டது. காக்க வந்த ஊசியே நோயைக் கடுமையாக்கியிருந்தது. இம்முடிவுகளைச் சானக் குழுவினர் மறைக்கவில்லை. 1969இல் விரிவாக வெளியிட்டனர். அவ்வெளியீட்டையே அவரது முதன்மைப் பங்களிப்பாக நாம் மதிப்பிடுகிறோம்.

ஊசி பெற்ற குழந்தைகளின் குருதியில் எதிர்ப்பொருள் உருவாகாமல் இல்லை. எனவே, எதிர்ப்பொருளே நோய்க்குத் துணைபோகிறதோ என்னும் ஐயம் எழுந்தது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் எஞ்சியிருக்கும் முதல் சில மாதங்களிலேயே இந்நோய் கடுமையாக இருந்தமை அவ்வையத்தை வலுப்படுத்தியது. 1970இல் சானக்கும் இக்கருத்தை முன்வைத்தார். 1980களில் பருத்தி எலிகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட சோதனைகள் வேறொன்றைக் காட்டின. நச்சுயிரியை முடக்கும் எதிர்ப்பொருள் போதிய அளவில் இருப்பின் நுரையீரல் காக்கப்பட்டது. தம் முந்தைய கருத்துக்கு மாறான இச்சான்றை வெளியிட்டவர்களுள் சானக்கும் ஒருவர். ஃபார்மலின் ஊசி தூண்டிய எதிர்ப்பொருளோ நச்சுயிரியைப் பற்றிக்கொண்டது. முடக்கும் ஆற்றல் அதற்குக் குறைவாக இருந்தது. தமிழில் இவ்விருவகையையும் 'எதிர்ப்பொருள்' என ஒரே சொல்லால் குறிப்பது மாணவரிடையே மயக்கம் தரக்கூடும். 'முடக்கு எதிர்ப்பொருள்' எனப் பிரித்து வழங்குதல் நலம்.

இப்புரிதலின் வழியிலேயே குறைமாதக் குழந்தைகளுக்கான பாலிவிசுமாப் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நச்சுயிரி உயிரணுவுடன் இணையுமுன் அதன் மேற்புரதம் கொள்ளும் வடிவம் 2013இல் வெளிப்படுத்தப்பட்டது. அவ்வடிவமே வலிமை மிக்க முடக்கு எதிர்ப்பொருளைத் தூண்டுகிறது. அதனடிப்படையில் அமைந்த, கருவுற்ற தாய்மாருக்கான தடுப்பூசி 2023இல் ஒப்புதல் பெற்றது. தாயின் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியே சேயைச் சென்றடைகிறது. குழந்தைக்கே நேரடியாக ஊசியிடும் முயற்சி இன்னும் கைகூடவில்லை. 2024இல் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிச் சோதனையொன்றில், ஊசி பெற்ற கைக்குழந்தைகளிடையே கடுமையான நோய் கூடுதலாகத் தென்படவே, அது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கூடிய அமெரிக்க வல்லுநர் குழுவின் முன் 1966ஆம் ஆண்டுச் சோதனையின் தரவுகள் மீண்டும் வைக்கப்பட்டன.