கண்ணாடிக்குள் ஒரு குளம்

ஆசிரியன் ஒருவன் தன் பணிக்காலத்தில் மாணவர்களுக்குக் கூறிய விடைகள் பல்லாயிரம் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை அவனுக்கே மறந்துபோகும். ஆனால், தவறாகக் கூறிய விடை மட்டும் முள்ளைப்போல உள்ளத்தில் தங்கிவிடும். அத்தகைய விடை ஒன்றை நான் 1987ஆம் ஆண்டில் கூறினேன்.

அப்போது நான் இளம் அறிவியல் ஆசிரியன். எங்கள் பள்ளியில் கண்காட்சி ஒன்று நடைபெறவிருந்தது. மாணவர்கள் காசு சேர்த்து ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினார்கள். அதை நன்றாகக் கழுவினோம்; குழாய் நீரை நிரப்பினோம்; பளிச்சென்றிருக்கும் கூழாங்கற்களைப் பரப்பினோம். அன்று மாலையே பன்னிரண்டு மீன்களை வாங்கி விட்டோம். வந்தவர் எல்லாரும் ஆளுக்கொரு பிடி பொரி போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் மீன்கள் அனைத்தும் செத்து மிதந்தன. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம், “ஐயா, தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது? பின் ஏன் செத்தன?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அந்த வயதில் எனக்கு இல்லை. “வெயில் அதிகம், தம்பி” என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

அவனுடைய கேள்விக்கு உரிய விடையைக் காண மனித குலத்துக்கே நூறாண்டுகளுக்குமேல் ஆயிற்று என்பதைப் பின்னாளில்தான் கற்றேன். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதைச் சொல்லி முடிக்கும்போது, குறைந்த செலவில் நீங்களே உங்கள் வீட்டில் ஒரு சிறு குளத்தை அமைப்பது எப்படி என்பதும் தானே விளங்கிவிடும்.

அழகுக்காக மீன் வளர்க்கும் வழக்கம் பழமையானது. சீன நாட்டில் சுங் அரச மரபினர் காலத்திலேயே, அதாவது கி.பி. 960க்கும் 1279க்கும் இடைப்பட்ட காலத்தில், பொன்மீன்களைக் குளங்களில் வளர்த்தார்கள். பின்னர் பீங்கான் தொட்டிகளிலும் வளர்த்து, மேலிருந்து குனிந்து பார்த்து மகிழ்ந்தார்கள். ஆயினும், அடைபட்ட நீரை அடிக்கடி மாற்றாவிட்டால் மீன் ஏன் இறக்கிறது என்பதற்கு விடை காணப்படவில்லை.

விடையின் முதற்பகுதி ஒரு புதினாச் செடியிலிருந்து கிடைத்தது. 1771ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர், மெழுகுவத்தி எரிந்து அணைந்த கண்ணாடிக் குடுவைக்குள் புதினாக் கொத்து ஒன்றை வைத்தார். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அக்காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. கெட்ட காற்றைச் செடி திருத்துகிறது என்று அவர் கண்டார். 1779இல் யான் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு மருத்துவர், செடி இவ்வேலையை ஒளியில் மட்டுமே செய்கிறது என்று நிலைநாட்டினார். நீரில் அமிழ்த்திய இலைகளிலிருந்து வெயிலில் குமிழ்கள் எழுவதை அவர் உற்று நோக்கினார். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரில்லாக் கொடியைப் புனலுக்குள் வைத்துக் குமிழ்களை எண்ணுகிறீர்களே, அப்பரிசோதனை அவர் மரபில் வந்ததே.

செடி பிராணவாயுவைத் தருகிறது. உயிர்கள் கரியமிலவாயுவைத் தருகின்றன. அப்படியானால், செடியையும் மீனையும் ஒரே தொட்டியில் வைத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று வாழ்விக்காவா? இக்கேள்வியை முறையாகச் சோதித்தவர் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார். 1807இல் பிறந்த இவர், இலண்டன் மருந்தாளுநர் கழகத்தில் பணியாற்றியவர். 1841இல் அங்கே வேதியியல் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்.

1849ஆம் ஆண்டில் வாரிங்டன், 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்றை எடுத்தார். நம் கணக்கில் அது ஏறத்தாழ 54 லிட்டர். அதில் பாதியளவு ஊற்று நீரை ஊற்றினார். அடியில் மணலும் சேறும் கற்களும் இட்டார். வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை அதில் நட்டார். நாடாப்போல நீண்ட இலைகளையுடைய செடி அது. பிறகு இரண்டே இரண்டு சிறு பொன்மீன்களை விட்டார்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆனால், நாளடைவில் முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கின. நீர் கலங்கியது, கண்ணாடியெங்கும் பாசி படர்ந்தது. மற்றொருவராயிருந்தால் கலத்தைக் கவிழ்த்துக் கழுவியிருப்பார். வாரிங்டன் அவ்வாறு செய்யவில்லை. இயற்கையான குளத்தில் இந்த அழுகலை நீக்குவது எது என்று எண்ணிப் பார்த்தார். குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகிய இலைகளையும் பாசியையும் தின்றன. நீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகளோ மீன்களுக்கு உணவாயின! அருவருப்பான உயிர் என்று நாம் ஒதுக்கும் நத்தையே அக்கணக்கை நேர்செய்தது. தாம் கண்டதை 1850இல் வேதியியல் சங்கத்தின் இதழில் அவர் வெளியிட்டார்.

இதே காலத்தில் வேறு சிலரும் இத்துறையில் உழைத்தார்கள். சிசிலித் தீவில் ஜான் வில்ப்ரே பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, கடல் உயிர்களை ஆராயும்பொருட்டு 1832இலேயே கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டில் கண்ணாடியின்மீதிருந்த வரி நீக்கப்பட்டது. அதனால் கண்ணாடி மலிந்தது. 1853இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான மீன்காட்சி இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல், ‘அக்வேரியம்’ என்ற சொல்லை வீடுதோறும் கொண்டு சென்றது.

ஆர்வம் பெருகிற்று, அதோடு கேடும் வந்தது. மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று பாறைக் குட்டைகளிலிருந்த உயிர்களை வாரிச் சென்றார்கள். தம் தந்தையின் நூல்களால் தூண்டப்பட்டவர்களே அக்குட்டைகளின் அழகை அழித்துவிட்டார்கள் என்று காஸின் மகன் எட்மண்ட் 1907இல் வருந்தி எழுதினார்.

இனி, அந்த எட்டாம் வகுப்பு மாணவனின் கேள்விக்குத் திரும்புவோம். எங்கள் தொட்டியில் செடி இல்லை என்பது ஒரு குறைதான். ஆனால், மூன்றே நாளில் அத்தனை மீன்களும் சாவதற்கு அது மட்டுமே காரணமாகாது. நீரின் மேற்பரப்பு வழியாகவும் பிராணவாயு நீரில் கரைகிறது. அதோடு, இரவில் செடிகளும் நம்மைப்போலப் பிராணவாயுவைச் செலவிடுகின்றன. ஆகவே வாரிங்டன் எழுதிய கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தது.

அந்த வரியை நிரப்பும் வேலையில் முன்னின்றவர் யார் தெரியுமா? அவருடைய மகனே! அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். 1838இல் பிறந்தவர். தந்தை அந்தக் கலத்தில் மீன்களை விட்டபோது மகனுக்கு வயது பத்தோ பதினொன்றோதான்.

மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை நீரில் விடுகிறது. தின்னாமல் எஞ்சிய உணவு அழுகும்போதும் அம்மோனியாவே உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. நீரின் தெளிவையும் கெடுக்காது. ஆனால் மீனுக்கு அது கொடிய நஞ்சு. 1877ஆம் ஆண்டில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் சாக்கடை நீரை மணல் நிரம்பிய குழாயின் வழியே மெல்லச் செலுத்தினார்கள். முதல் 20 நாட்கள் அந்நீரிலிருந்த அம்மோனியாவில் மாற்றம் இல்லை. அதன்பின் அது நைட்ரேட் உப்பாக மாறத் தொடங்கியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுவிட்டது. எனவே, இதைச் செய்வது மணல் அன்று, மணலில் குடியேறிய நுண்ணுயிர்களே என்பது புலனாயிற்று.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மகன் வாரிங்டன், இம்முடிவை உறுதி செய்து மேலும் சென்றார். அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஒருவகை உயிர். நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது வேறு வகை உயிர் என்று அவர் காட்டினார். ஆனால் அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் முயற்சியில் அவர் வெற்றி பெறவில்லை. 1890, 1891ஆம் ஆண்டுகளில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். தந்தை கண்ணுக்குத் தெரிந்த துப்புரவாளனாகிய நத்தையைக் கண்டார். மகன் கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்களைத் தேடினார். தந்தையோ 1867ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். தம் கலத்தில் இட்ட சேற்றோடும் செடியோடும் அந்த நுண்ணுயிர்களையும் சேர்த்தே குடியமர்த்தியிருந்தோம் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

மாணவர்களே, இவ்வரலாற்றைப் படிப்படியாகத் திரும்பச் செய்தாலே உங்கள் வீட்டில் ஒரு குளம் அமைந்துவிடும். 40 லிட்டர் கொள்ளும் எளிய கண்ணாடித் தொட்டி போதும். நீர் நிரம்பினால் நீரின் எடை மட்டுமே 40 கிலோ ஆகும் என்பதால், உறுதியான பலகையின்மேல் முதலிலேயே வைத்துவிட வேண்டும். ஓரிரண்டு மணி நேரம் இளவெயில் படும் சன்னலோரம் நல்லது. நாள் முழுதும் வெயில் பட்டால் பாசி மண்டும். அடியில் எருவிடாத தோட்டத்து மண்ணை இரண்டு விரல் கனம் பரப்பி, அதன்மேல் நன்றாகக் கழுவிய மணலை அதே கனத்துக்கு மூடுங்கள். ஒரு தட்டை வைத்து, அதன்மேல் நீரை மெல்ல ஊற்றினால் மண் கலங்காது. குழாய் நீரானால், வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்திருந்து, குளோரின் நீங்கிய பின் பயன்படுத்துங்கள்.

முதல் நாளில் செடிகளை மட்டும் நடுங்கள். வாலிஸ்னேரியாவின் வேர் மண்ணில் புதையட்டும். குருத்து மணலுக்கு மேலே நிற்கட்டும். ஹைட்ரில்லாத் துண்டுகளைச் சும்மா மிதக்கவிட்டாலும் வளரும். தயங்காமல் நிறையச் செடிகளை வையுங்கள். செடிகளோடு ஒட்டிவரும் சிறு நத்தைகளை எறிந்துவிடாதீர்கள். பிறகு மூன்று நான்கு வாரங்கள் காத்திருங்கள். இதுதான் அனைத்திலும் கடினமான படி. இதற்குக் காசு வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும். நண்பர் ஒருவரின் பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கிடைத்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும்.

செடிகள் புதுத்துளிர் விட்டபின், இரண்டு மூன்று கப்பி மீன்களை விடுங்கள். இரண்டு வாரம் அவை நலமாயிருந்தால் இன்னும் ஓரிரண்டு சேர்க்கலாம். பெரிதாக வளரும் பொன்மீனுக்கு இத்தொட்டி போதாது. ஓரிரு நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே உணவிடுங்கள். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுங்கள். ஆனால் மணலைக் கொட்டிக் கழுவிவிடாதீர்கள். கழுவினால், உங்கள் கண்ணுக்குத் தெரியாத வேலையாட்களை நீங்களே வெளியேற்றியவர்களாவீர்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தொட்டியில் மிகுந்த செடியையோ மீனையோ ஏரியிலும் ஆற்றிலும் விடாதீர்கள். 1950களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்காவின் பிளோரிடா மாநிலத்துக்குச் சென்ற ஹைட்ரில்லா, அங்குள்ள நீர்நிலைகளை அடைத்துப் பெருந்தொல்லையாயிற்று. தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று சொல்லி விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி மீன், இன்று நம் தமிழ்நாட்டு ஏரிகளிலும் பெருகிக் கிடக்கிறது. காஸின் காலத்தில் மக்கள் நீர்நிலையிலிருந்து அளவின்றி எடுத்துக் கெடுத்தார்கள். நம் காலத்தில் நீர்நிலைக்குள் விட்டுக் கெடுக்கிறோம்.

அன்று என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கு இப்போது ஐம்பது வயது ஆகியிருக்கும். அவர் எங்கேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்கு நான் தரவேண்டிய விடை இதுதான்: “தம்பி, வெயில் காரணம் அன்று. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. நாம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ஒரு நாள்கூடப் பொறுக்காமல், பன்னிரண்டு உயிர்களை ஆளில்லாத வீட்டில் குடிவைத்தோம். வேண்டிய அளவுக்குமேல் ஊட்டவும் செய்தோம். அன்று எனக்கு இது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நாம் இருவரும் சேர்ந்து தேடியிருப்போம்.”

மாணவர்களே, நீங்கள் அமைக்கும் தொட்டியிலும் ஏதேனும் ஒருநாள் நீர் கலங்கும். அப்போது அதைக் கவிழ்த்துவிடாமல், ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் வாரிங்டனின் நத்தை வந்தது.