கூடாரத்தின் உள்ளும் புறமும்

மௌன செபமா, மக்கள் பணியா என்னும் வினா திருச்சபைக்குப் புதிதன்று. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே உரோமையில் ஒருவர் இவ்வினாவைத் தம் நெஞ்சிற் சுமந்து வாழ்ந்தார். அவரே பெரிய கிரகோரியார் எனப் போற்றப்படும் திருத்தந்தை முதலாம் கிரகோரியார்.

உயர்குடியிற் பிறந்து, உரோமை நகரின் தலைமை அதிகாரியாய் விளங்கிய அவர், ஏறத்தாழ 575-இல் பதவியைத் துறந்தார். சேலியன் குன்றிலிருந்த தம் இல்லத்தைப் புனித அந்திரேயா துறவு மடமாக்கி, அங்கேயே துறவியானார். ஆனால் அவ்வமைதி நீடிக்கவில்லை. திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுஸ் அவரைத் தம் தூதராகக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பினார். 590-இல் பெலாஜியுஸ் கொள்ளைநோயால் மாண்டபோது, கிரகோரியாரே திருத்தந்தையாகத் தெரிந்துகொள்ளப்பட்டார், மனமொப்பாமலே ஏற்றார்.

அதன்பின் ஓய்வேது? ஏழைகளுக்கு உணவளித்தல், சிறைப்பட்டோரை மீட்டல், லொம்பார்தியரோடு சமாதானம் பேசுதல் என அனைத்தும் அவர் தோள்மேல் விழுந்தன. இன்றும் எஞ்சியுள்ள 800-க்கும் மேற்பட்ட அவருடைய மடல்கள் அதற்குச் சான்று. சிசிலியிலிருந்த திருச்சபை நிலங்களின் குடியானவரிடம் அளவு மிகுந்த மரக்காலால் தானியம் வாங்கும் அநீதியை அவர் கண்டித்துத் தடுத்தார். எசேக்கியேல் நூலுக்கு மறையுரை நிகழ்த்தி வருகையில், பகைவரால் கைகள் வெட்டுண்டோர் நகருக்குத் திரும்பிய கொடுமை கண்டு, அவ்வுரையையே நிறுத்தினார்.

இழந்த மடத்து அமைதியை எண்ணி அவர் அடிக்கடி கலங்கினார். ஆயினும் பணியை விட்டோடவில்லை. மேய்ப்பர்களுக்கென அவர் வரைந்த ‘மேய்ப்புப்பணி ஒழுங்கு’ என்னும் நூலில் மோசேயை எடுத்துக்காட்டுகிறார். மோசே கூடாரத்தினுள்ளே இறைவனின் மறைபொருளைத் தியானிக்கிறார். வெளியே வந்து எளியோரின் சுமையைத் தாங்குகிறார். ஐயம் எழுந்தால் மீண்டும் உள்ளே செல்கிறார்.

சமநிலை என்பது நாளின் நாழிகைகளைச் சரிபாதியாகப் பங்கிடுவதன்று என்பதே இதன் உட்பொருள். உள்ளே கேட்டது வெளியே செயலாக வேண்டும். வெளியே கண்ட துயர் உள்ளே மன்றாட்டாக வேண்டும். 596-இல் இங்கிலாந்துக்கு நற்செய்தி கொண்டுசென்ற அகுஸ்தீனாரும் தோழரும் புறப்பட்டது அந்த அந்திரேயா மடத்திலிருந்தே அன்றோ!

604-இல் மறையும்வரை கிரகோரியாரின் ஏக்கம் தணியவில்லை. அந்த ஏக்கமே அவரை வெறும் ஆட்சியாளராய் மாறிவிடாமல் காத்தது. அலுவல் மிகுந்த நாளில் செபத்திற்காக நம் உள்ளம் ஏங்குமாயின், அதனைத் தோல்வியென்று எண்ண வேண்டா. கூடாரத்தின் வாயில் இன்னும் நமக்குத் திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.