வண்ணத்தில் எழுந்த தேவியர்

நிழற்படக் கருவி பொய் சொல்லாது என்பர். ஆயின் வேடம் புனைந்து நிற்கும் ஒருவரைப் படமெடுத்தால், அப்படம் காட்டுவது மெய்யா, பொய்யா? இவ்வினாவைத் தம் தொழிலாலேயே எழுப்பியவர் யெவாண்ட் என்னும் ஆங்கிலேயப் பெண்மணியார்.

இவர் 1893-இல் இலண்டனில் பிறந்தவர். இளமையிலேயே பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் சேர்ந்தார். பிறரை அண்டிப் பிழைத்தல் கூடாது எனத் துணிந்து, அந்நாளில் பெயர் பெற்றிருந்த லாலி சார்லஸ் அம்மையாரிடம் தொழில் பயின்றார். 1914-இல், தம் 21-ஆம் வயதில், சொந்தமாக ஒரு படப்பிடிப்பு நிலையம் திறந்தார். 1918-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஆனால் 30 வயது நிரம்பிய பெண்களுக்கே, அதுவும் சில தகுதிகளோடு. யெவாண்டுக்கு அப்பொழுது வயது 25. அவரிடம் படமெடுத்துக்கொள்ள வரும் 21 வயது வாலிபனுக்கு வாக்குண்டு. நிலையத்தின் உரிமையாளராகிய அவருக்கு இல்லை! இக்குறை 1928-இல்தான் முற்றும் நீங்கியது.

1921-இல் தொழில்முறை நிழற்படக்காரர் பேரவையில் அவர் உரையாற்றினார். அங்கு ஒரு பெண் பேசியது அதுவே முதன்முறை. உருவப்படம் எடுப்பதற்கு வேண்டிய பொறுமையும் பிறர் உள்ளம் அறியும் திறனும் பெண்களிடம் மிகுதி என்பது அவர் வாதம்.

1930-ஆம் ஆண்டுகளில் அவர் வண்ணப் படத்தின்பால் திரும்பினார். கலைப்படம் என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று பெரும்பாலோர் கருதிய காலம் அது. அவர் கையாண்டது ‘விவெக்ஸ்’ என்னும் முறை. ஒரே காட்சியை மூன்று வண்ண வடிகட்டிகளின் வழியாக மூன்று கண்ணாடித் தகடுகளில் பதிந்து, பின்னர் நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய சாயப் படிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். படத்துக்கு அமர்ந்தவர் இடையில் அசைந்தால் வண்ணங்கள் விலகிப்போகும்.

1935 மார்ச்சுத் திங்களில் இலண்டனில் அறநிதிக்காக ஒரு விருந்து நடைபெற்றது. உயர்குடிச் சீமாட்டியர் கிரேக்கத் தெய்வங்களாக வேடம் பூண்டு வந்தனர். இதனால் தூண்டப்பெற்ற யெவாண்ட், அத்தகைய மாதரைத் தம் நிலையத்திற்கு அழைத்துத் ‘தேவியர்’ என்னும் படவரிசையை உருவாக்கினார். ஆடை அணி இதழ்களின் மினுக்கும் நாடக மேடையின் நடிப்பும் அதில் ஒருங்கே கலந்தன. மெடூசாவாக அமர்ந்தவரின் தலையிலும் கழுத்திலும் ரப்பர்ப் பாம்புகள் சுற்றிக் கிடந்தன. வீரப் பெண்டிரின் அரசியான பெந்தெசிலியா, கழுத்தில் அம்பு தைத்த கோலத்தில் தோன்றினாள்.

இது செல்வர் வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்குத்தானே எனச் சிலர் கேட்கலாம். ஓரளவு உண்மையே. ஆயினும் பள்ளி நாடகம் பயிற்றிய ஆசிரியர்கள் ஒன்றறிவர்: வகுப்பில் வாய் திறவாத சிறுமி, அரசி வேடம் கட்டியதும் அதட்டிப் பேசுவாள். அந்தக் குரலும் அவளுடையதே. பணிவும் புன்னகையுமே பெண்ணின் உருவப்படத்துக்கு இலக்கணம் எனக் கருதியோர்க்கு, சினமும் வஞ்சமும் வீரமும் கொண்ட முகங்களை யெவாண்ட் காட்டினார்.

படங்களின் பெயர்களைப் படித்தால்தான் நமக்கு நெருடுகிறது. மெடூசா, ‘திருமதி எட்வர்டு மேயர்’. டிராய் நகரத்து ஹெலன், ‘திருமதி சார்லஸ் சுவீனி’. வரலாற்றுக் கலையின் தேவியாகிய கிளியோவோ ‘திருமதி அந்தோணி ஈடன்’. பின்னாளில் பிரதமரான ஈடனின் மனைவியார். வரலாற்றுத் தேவிக்கே கணவர் பெயர்தான் அடையாளம்! அக்கால வழக்கு அது என்று விட்டுவிடலாம். எனினும், வாக்குரிமைக்கு நின்றவரின் கைவண்ணத்திலேயே அவ்வழக்கு படிந்திருப்பதைக் காணாமல் போவது முறையன்று.

போர் மூண்டபின் விவெக்ஸ் நிலையம் மூடப்பட்டது. வேறு வழியின்றி யெவாண்ட் கறுப்பு வெள்ளைக்கே மீண்டார். 1975-இல் இறக்கும்வரை தொழிலை விடவில்லை. அவருடைய வண்ணத் தகடுகளை இலண்டன் தேசிய உருவப்படக் கூடம் 2021-இல் பெற்றுக்கொண்டது. 2023-இல் புதுப்பிக்கப்பட்ட கூடம் திறந்தபோது, அவர் படங்களின் பெருங்காட்சி அங்கு வைக்கப்பட்டது.

ஆனால் 1968-இல் நடந்த சிறு காட்சியொன்றையும் இங்குக் குறிக்க வேண்டும். பெண்கள் வாக்குரிமை பெற்ற ஐம்பதாம் ஆண்டு அது. 75 வயது மூதாட்டியான யெவாண்ட், அரச நிழற்படக் கழகத்தில் சிறப்புற்ற பெண்மணிகள் சிலருடைய படங்களை வைத்தார். அம்மாதர் எவர்க்கும் தேவி வேடம் இல்லை. தத்தம் பணியால் அறியப்பட்டவர்களாகவே அவர்கள் அங்கு இடம்பெற்றனர்.